மூன்றாவது பேட்ச்

சாட்ஸ்வர்த்தில் ஒரு டைல்ஸ் கடையின் மாடி.
செவ்வாயும் வியாழனும்
மாலை ஆறு முதல் மின்வெட்டு வரை.
பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு பேர்.
தேர்வில் நான் பதின்மூன்றாவது.
எட்டாவது ஆளுக்குக் கேப்டவுனில் வேலை கிடைத்ததால்
நாற்காலி எனக்கு,
ஒரு கால் கொஞ்சம் குட்டை.

"பணக்காரர் ஆக வந்தவர்கள் கை தூக்குங்கள்"
என்றாள் தேஷ்னி மூட்லி.
ஏழு கை.
என்னுடையது தோள் வரைக்கும்.

நாங்கள் அனுப்பிக்கொண்டதெல்லாம் சோதனைக் காசு.
வேண்டுமட்டும் அச்சடிக்கலாம்,
சமோசாவின் ஒரு மூலைகூட வாங்காது.
அம்மாவிடம் திரையைக் காட்டினேன்:
நாற்பது லட்சம்.
"ராண்டா?"
"இல்லை."
"அப்ப போய் அடுப்பை அணை."

நாலாம் வாரம்
சாவியைப் பன்னிரண்டு சொல்லாக மாற்றினோம்.
பட்டியலில் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டுச் சொல்,
எடுத்தவை வரிசை பிசகக் கூடாது.
இன்ஸுலேஷன் டேப் சுற்றிய மடிக்கணினிக்குப் பின்னாலிருந்து
நிலகனிபோ கேட்டான்:
"ஒரு சொல் தொலைந்தால்?"
"தேடிப் பார்."
நாற்பது வரி எழுதினான்.
முதலில் தேறாதவற்றைத் தள்ளு, பிறகு தேடு.
மிஞ்சியது நூற்றுச் சொச்சம்.
நான் கொட்டாவி விட்டு மூடுவதற்குள்
கதவு திறந்தது.
"இரண்டு சொல்?"
ஓடிக்கொண்டே இருந்தது,
விளக்கு போகும் வரை.
"மூன்று?" என்றது யாரோ, இருட்டில்.
சிரித்தோம்.

விலை சரிந்த வாரம் ரூவான் வரவில்லை.
பிரேவஷனுக்கு இரட்டைக் குழந்தை.
ஏழாம் வாரம் நிலகனிபோ.
போன் அணைந்திருந்தது.

அந்த வாரம்தான்
முகம் தெரியாத ஒருவர், எந்த ஊரோ,
என் திருத்தத்தின் கீழே எழுதியிருந்தார்:
இது ஏன் இங்கே?
ஒன்பது நாள் அந்த மூன்று சொல்லோடு
சாப்பிட்டேன், தூங்கினேன், சண்டை போட்டேன்.
கடைசியில் நாலு வரியை அழித்தேன்.
ஏற்றுக்கொண்டார்கள்.
உலகத்துக்கு என் முதல் பங்களிப்பு:
கழித்தது நாலு, சேர்த்தது ஒன்றுமில்லை.
மாடியில் அதைச் சொல்லத் திரும்பினேன்,
பக்கத்து நாற்காலி காலி.

இரவு ஷிஃப்ட், பெட்ரோல் பங்க்
என்று ஒருமுறை சொல்லியிருக்கிறான்.
எந்த பங்க் என்று சொல்லவில்லை.
டர்பன் தெற்கில் முப்பதுக்கு மேல்.
தேறாதவற்றைத் தள்ளு.
மின்வெட்டு நேரத்தில் ஒருநாள் பேசினான்,
பின்னால் ஃபிரிட்ஜ் வெளிச்சம்;
ஜெனரேட்டர் இல்லாதவை போயின.
உம்லாசி டாக்ஸி நிற்காதவை போயின.
மிச்சம் ஆறு.
அப்பாவின் டாஸ் காரில்
ஒவ்வொன்றிலும் இருபது ராண்டுக்கு ஊற்றிக்கொண்டு போனேன்.
நாலாவதில்
என் கண்ணாடியைத் துடைக்க வந்தவன்
பாதி துடைத்து நின்றான்.

மடிக்கணினி விற்றாகிவிட்டது.
தங்கைக்குப் பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணம்.
அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கேட்டான்:
"அந்த இரண்டு சொல், முடிந்ததா?"
"கரண்ட் போய்விட்டது. முதலிலிருந்து ஓட்டணும்."
"பாதியில் சேமிக்கவில்லையா?"
"நீ எழுதவில்லையே."

பின்னால் ஒரு பக்கி ஹாரன் அடித்தது.
ரசீதைத் திருப்பி, பானட் மேல் வைத்து
ஆறு வரி எழுதினான்.
விரலின் எண்ணெய் ஒரு அடைப்புக்குறியை விழுங்கியது.

"வியாழக்கிழமை என் கணினியில் உட்காரு,
நான் தேஷ்னியினதில் பார்த்துக்கொள்கிறேன்."
பதில் சொல்லவில்லை,
மீதிக் கண்ணாடியைத் துடைத்தான்.

சிக்னலில் நின்றபோது வாசித்தேன்.
மூன்றாவது வரியில் ஒரு தப்பு.
திருத்தப் பேனா எடுத்தேன்,
மூடி வைத்தேன்.
அவன் வந்து பார்க்கட்டும்.